முகத்தில் புள்ளி, கண்ணருகே கட்டி: நாயை விரட்டுமுன் பெல்காச்சியா வரை ஒரு நடை

லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழர் வீடுகளில் கதை பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறது. வீட்டுத் தலைவர் டல்ஹவுசி ஆபீசுக்குப் புறப்பட்டுக் கொண்டிருப்பார். பையன் நாய்க்குட்டியைத் தூக்கி வந்து, "அப்பா, இதோட கண்ணுகிட்ட பாருங்கோ, முடி கொட்டிப் போயிருக்கு" என்பான். எட்டணா அகலத்துக்கு ஒரு வட்டம். முடியில்லை, தோல் சற்றே சிவந்து, செதில் உதிர்ந்திருக்கும். கீழ் வீட்டு மாஷிமா எட்டிப் பார்த்து, "சோயாச்சே" என்று ஒரு சொல் சொல்வார். தொத்து வியாதி என்று அர்த்தம். அந்தச் சொல்லோடு வீட்டில் கலவரம் ஆரம்பமாகிவிடும்.

இரண்டு நாள் மஞ்சள் பூசுவார்கள். மூன்றாம் நாள் வேப்பெண்ணெய். ஒரு வாரத்துக்குள் வட்டம் உதட்டோரம் வரை வந்துவிட்டால், யாரோ ஒருவர் பழைய என்ஜின் ஆயிலை யோசனையாகச் சொல்வார். அதற்கும் அடங்காவிட்டால், "வீட்டிலே குழந்தைகள் இருக்கிறார்கள்" என்ற ஒரே வாக்கியம் நாயின் தலைவிதியை முடிவு செய்துவிடுகிறது. இருட்டின பிறகு, ஏரிப் பக்கமோ வேறு பேட்டையிலோ கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவார்கள்.

இதில் வேதனை என்னவென்றால், இப்படித் துரத்தப்படும் குட்டிகளில் பலவற்றுக்கு இருப்பது மனிதருக்குத் தொற்றாத வியாதி. பல சமயம் மருந்தில்லாமலே போய்விடக் கூடியதுங்கூட.

கண்ணைச் சுற்றி வருவது

குட்டி நாயின் கண்ணைச் சுற்றியும், வாயோரத்திலும், முன்னங்கால்களிலும் அரிப்பில்லாமல் முடி உதிர்ந்தால், டாக்டர்கள் முதலில் சந்தேகிப்பது டெமோடெக்ஸ் என்ற பூச்சியை. உண்ணிக்குத் தூரத்து உறவு; கண்ணுக்குத் தெரியாது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் எட்டுக் குட்டைக் கால்களோடு சுருட்டு மாதிரி நீளமாக இருக்கும். மயிர்க்கால்களுக்குள்ளே குடியிருக்கிறது. பிறந்த முதல் சில நாட்களில், பால் குடிக்கும்போது தாயின் உடம்பிலிருந்து குட்டிக்கு வந்து சேர்கிறது. ஆரோக்கியமான நாயின் தோலிலும் இது கொஞ்சம் உண்டு. குட்டியின் எதிர்ப்புச் சக்தி தளர்ந்திருக்கும்போதுதான் பெருகி முகத்தைக் காட்டிக் கொடுக்கிறது. நாலைந்து வட்டங்களோடு நின்றுவிட்டால், பத்தில் ஒன்பது குட்டிகளுக்கு ஒன்றிரண்டு மாதத்தில் தானே முடி முளைத்துவிடும். நல்ல சாப்பாடும், பூச்சி மருந்தும் கொடுத்துக் காத்திருந்தால் போதும். இந்தப் பூச்சி மனிதரைத் தொடுவதில்லை.

உடம்பு பூராவும் பரவிவிட்டால் சங்கதி வேறு. சீழ் பிடிக்கும், வாடை வரும், நாய் இளைத்துப் போகும். முன்பெல்லாம் இதற்கு மாதக் கணக்கில் மருந்துத் தண்ணீரில் குளிப்பாட்ட வேண்டியிருந்தது. பாதியிலே விட்டவர்களே அதிகம். 2014 வாக்கில் உலகச் சந்தைக்கு வந்த அபாக்சோலனர், ஃப்ளூராலனர் வகை மாத்திரைகள் இந்த நிலைமையை மாற்றிவிட்டன. விலை கூடத்தான். ஆனாலும் பழைய வைத்தியத்தின் மாதக் கணக்கான அலைச்சலோடு ஒப்பிட்டால், கணக்குப் பார்க்கிற குமாஸ்தாவுக்கும் கட்டுப்படியாகும்.

இதற்கு நேர் எதிரானது சார்காப்டிஸ் என்ற சொறிப் பூச்சி. காது நுனியிலும் முழங்கை, குதிகால் மூட்டுகளிலும் தொடங்கி முகத்துக்கு ஏறும். நாய் ராப்பகலாகச் சொறிந்துகொண்டே இருக்கும். காதின் ஓரத்தை விரலால் லேசாகத் தேய்த்தால் பின்னங்கால் தானாக உதைத்துக் கொள்ளும். இது டாக்டர்கள் செய்து பார்க்கிற ஒரு சோதனை. இது மனிதருக்கும் ஒட்டும். வீட்டில் இருப்பவர்களுக்குக் கையிலும் வயிற்றிலும் அரிப்புத் தடிப்புகள் வரலாம். ஆனால் நாயின் பூச்சி மனிதத் தோலில் குஞ்சு பொரித்து வாழ்வதில்லை. நாயைக் குணப்படுத்தினால் வீட்டாரின் அரிப்பும் தணிந்துவிடும்.

மூன்றாவது படர்தாமரை. இது காளான் இனம். விளிம்பில் செதிலோடு வட்டமாக வரும். குழந்தைகளுக்குச் சுலபமாக ஒட்டும். நாயை மடியில் வைத்துக் கொஞ்சும் பையனின் கழுத்திலோ கன்னத்திலோ அதே மாதிரி வட்டம் தெரிந்தால், பையனுக்கும் டாக்டர் தேவை. ஊதா வெளிச்சம் தரும் விளக்கைப் பிடித்தால் இந்தக் காளான் பச்சையாக மின்னும் என்பார்கள். பாதிக்குப் பாதிதான் மின்னுகிறது; மின்னவில்லை என்பதற்காக இல்லை என்று சொல்லிவிட முடியாது.

ஆக, தொற்றாதது ஒன்று, தொற்றித் தானே போவது ஒன்று, தொற்றி நிலைப்பது ஒன்று. மூன்றும் முதல் வாரத்தில் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். நாற்பது வருஷம் நாய் வளர்த்தவர்களும் இதில் ஏமாறுவதுண்டு. பிளேடு முனையால் தோலை லேசாகச் சுரண்டி, ஒரு துளி எண்ணெயில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பூச்சியா இல்லையா என்பது சில நிமிஷங்களில் பெரும்பாலும் தெரிந்துவிடும். சார்காப்டிஸ் மட்டும் சில சமயம் சுரண்டலில் அகப்படாது; அப்போது சந்தேகத்தின் பேரிலேயே மருந்து கொடுத்துப் பார்ப்பார்கள்.

கண்ணை நம்பாமல் மைக்ராஸ்கோப்பை நம்பு என்பதை இந்த நகரம் மனிதர்கள் விஷயத்தில் எப்போதோ கற்றுக்கொண்டது. காலா அஜார் காய்ச்சலுக்கு யூரியா ஸ்டிபமைன் மருந்தைக் கண்டுபிடித்த டாக்டர் உபேந்திரநாத் பிரம்மச்சாரி, 1922-இல் இங்கே ஒரு விசித்திரத்தை எழுதினார். காலா அஜார் குணமானவர்கள் சிலருக்குப் பிற்பாடு முகத்தில் வெளிறிய புள்ளிகளும் கட்டிகளும் கிளம்பின. பார்த்தவர்கள் குஷ்டம் என்று எண்ணக் கூடிய தோற்றம். கட்டியில் இருந்ததோ காலா அஜார் கிருமி. மத்தியதரைக் கடல் நாடுகளில் இதே குடும்பத்துக் கிருமி நாய்களின் மூக்கிலும் காதோரத்திலும் புண்ணாக வருகிறது. அங்கே நாய்தான் அதன் இருப்பிடம். வங்காளத்திலோ அது மணல் கொசு வழியாக மனிதனிடமிருந்து மனிதனுக்கே போகிறது. அந்தப் பழியாவது இங்கே நாய்க்கு இல்லை.

அலமாரியில் இருக்கும் ஆபத்து

வீட்டு வைத்தியங்களில் மஞ்சளும் வேப்பிலையும் பெரிய தீங்கு செய்வதில்லை, பூச்சியைக் கொல்வதுமில்லை. என்ஜின் ஆயில், மண்ணெண்ணெய், பினாயில், பிளீச்சிங் பவுடர் இவை நான்கும் விஷம். நாய் நக்கிக்கொள்ளும் பிராணி. முகத்தில் பூசியதைப் பாதத்தால் துடைத்து, பாதத்தை நக்கி, எல்லாவற்றையும் வயிற்றுக்குள் அனுப்பிவிடும். பழைய ஆயிலில் உள்ள உலோகக் கழிவுகள் தோல் வழியாகவும் உள்ளே போகின்றன. கண்ணருகே பூசினால் கண்ணும் போகும்.

இவற்றைவிட மோசமான ஒன்று, யாரும் சந்தேகப்படாத இடத்தில், மருந்து அலமாரியில் இருக்கிறது. மனிதர்களின் படைக்கும் அரிப்புக்கும் மருந்துக் கடையில் வாங்கும் கிரீம்களில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. நாயின் வட்டத்தில் அதைத் தடவினால் இரண்டே நாளில் சிவப்பு மறையும். வீடே சந்தோஷப்படும். ஸ்டீராய்டு அந்த இடத்தின் எதிர்ப்புச் சக்தியை அமுக்கிவிடுவதால், டெமோடெக்ஸ் பூச்சிக்கு அது விருந்து. மூன்றாவது வாரம் முகம் பூராவும் வெடித்துக் கிளம்பும். காளானும் அப்படியே. டாக்டர் முதலில் கேட்கும் கேள்வி "என்ன தடவினீர்கள்?" என்பதுதான். வெட்கப்படாமல் ட்யூபையே கையில் எடுத்துப் போவது நல்லது.

வேறொரு பழக்கம், மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியை அறிந்தவர் தெரிந்தவர் மூலம் போட்டுக்கொள்வது. கோலி முதலான சில ஜாதி நாய்களுக்கு அந்த மருந்து மூளைக்குள் ஏறி உயிரையே வாங்கிவிடும். தெரு நாய்க்குப் பொறுத்துக்கொண்டது வீட்டு நாய்க்கும் பொறுக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

கட்டிகளின் கதை

புள்ளியைவிட மக்களை அதிகம் பயமுறுத்துவது கட்டி. கட்டி என்றவுடன் புற்றுநோய் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அல்லது சாதாரணக் கொப்புளம் என்று நசுக்கிப் பார்க்கிறார்கள். இரண்டும் தவறு.

முதலில் சிரிப்புக்குரியது. இமையோரத்திலோ காது மடலிலோ சாம்பல் நிறத்தில் பட்டாணி போலத் தொங்கும் 'மரு', ரத்தம் குடித்து உப்பிய உண்ணியாக இருக்கும். அடிப்பக்கத்தில் குட்டைக் கால்கள் தெரியும். தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுக்க வேண்டும். நெருப்புக் குச்சியால் சுடக் கூடாது. எடுத்த பிறகு நாய்க்குக் காய்ச்சல், சோர்வு, மூத்திரத்தில் கருஞ்சிவப்பு ஏதாவது தெரிந்தால் உண்ணிக் காய்ச்சல். அது சிரிப்புக்குரியதல்ல.

காலையில் சரியாக இருந்த முகம் மத்தியானம் பூசணிக்காய் போல் வீங்கியிருந்தால் குளவியோ எறும்போ கடித்திருக்கலாம். மூச்சு வாங்காத வரை அவசரமில்லை. மூச்சு வாங்கினால் ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது.

வயதான நாய்க்குக் கண்ணுக்குக் கீழே, கன்னத்தில் கட்டி புறப்பட்டு, உடைந்து, ஆறி, மீண்டும் அதே இடத்தில் கிளம்புகிறதா? கோளாறு தோலில் இல்லை, பல்லில். மேல் தாடையின் பெரிய கடைவாய்ப் பல் உடைந்து, அதன் வேரில் சீழ் கோத்து, கண்ணுக்குக் கீழே வழி தேடிக்கொள்கிறது. கடினமான எலும்பைக் கடிக்கக் கொடுக்கும் வீடுகளில் இது சகஜம். எத்தனை களிம்பு போட்டாலும் அந்தப் பல்லைக் கவனிக்கும் வரை கட்டி திரும்பத் திரும்ப வரும்.

மூன்று வாரத்திலிருந்து நாலு மாதம் வரையுள்ள குட்டிகளுக்குத் திடீரென்று உதடும் இமையும் மூக்குத்தண்டும் வீங்கி, கொப்புளம் வெடித்து, தாடைக்குக் கீழே நெறி கட்டிக்கொள்ளும் ஒரு வியாதி உண்டு. பார்க்கவே பரிதாபமாக இருக்கும். ஆங்கிலத்தில் குட்டிக் கழுத்து நெரிப்பு என்ற மாதிரி ஒரு பெயர். வேடிக்கை என்னவென்றால், சற்று முன் விஷம் என்று சொன்ன அதே ஸ்டீராய்டுதான் இதற்கு மருந்து; தாமதித்தால் முகத்தில் நிரந்தரத் தழும்பு. சுரண்டிப் பார்த்து டெமோடெக்ஸ் இல்லை என்று உறுதி செய்த பிறகே அதைக் கொடுப்பார்கள்.

உதட்டிலும் வாய்க்குள்ளும் காலிப்ளவர் போலக் கொத்துக் கொத்தாக மரு வந்தால், இளம் நாய்களில் அது வைரஸ். சில மாதங்களில் தானே உதிர்ந்துவிடும். காதிலோ கன்னத்திலோ சிவப்புச் சட்டைப் பொத்தான் போல ஒரு கட்டி, நாய்க்கு வயது மூன்றுக்குள் என்றால், அதுவும் இரண்டு மூன்று மாதத்தில் சுருங்கி மறைகிற ஜாதியாக இருக்கலாம்.

இருக்கலாம் என்ற சொல்லை இங்கே அழுத்திப் படிக்க வேண்டும். அதே பொத்தான் வேஷத்தில் வருகிற மாஸ்ட் செல் கட்டி என்ற புற்று ஒன்று இருக்கிறது. இன்றைக்குப் பெரிதாக இருக்கும்; நாளைக்குச் சிறிதாகிவிடும்; வீட்டார் "குணமாகிறது" என்பார்கள். தொட்டுத் தொட்டுப் பார்த்தால் சுற்றிலும் சிவந்து வீங்கும். நசுக்கவே கூடாத கட்டி இது. நசுக்கினால் உள்ளிருக்கும் ரசாயனங்கள் ரத்தத்தில் கலந்து நாய் மயங்கி விழலாம். மெல்லிய ஊசியால் குத்தி உறிஞ்சி, கண்ணாடித் துண்டில் தடவிச் சாயம் போட்டுப் பார்த்தால் இதைப் பெரும்பாலும் அடையாளம் கண்டுவிடலாம். ஊசிக்கு மயக்க மருந்துகூட வேண்டியதில்லை.

நித்தியகல்யாணியின் உபகாரம்

கொல்கத்தாத் தெருக்களில் மூக்கின் ஒரு பக்கம் புடைத்து, அந்தத் துவாரத்தில் மட்டும் ரத்தம் சொட்டத் தும்மிக்கொண்டே திரியும் நாய்களைக் கண்டிருப்பவர்கள் உண்டு. கல்லெறிந்து விரட்டப்படும் நாய்கள் இவை. மூக்குப் புடைப்புக்குக் காரணங்கள் பல. இந்தியத் தெரு நாய்களைப் பொறுத்தவரை முதலில் நினைக்க வேண்டியது, ஒரு நாயிலிருந்து மற்றொரு நாய்க்கு ஒட்டும் புற்றுநோய். வழக்கமாக இனப்பெருக்க உறுப்பில் வரும். மோப்பம் பிடிக்கும்போதும் நக்கும்போதும் மூக்குக்கும் உதட்டுக்கும் ஏறுகிறது. மனிதருக்கு ஒட்டாது.

இந்தப் புற்றின் வரலாறு வைத்திய உலகத்தின் அதிசயங்களில் ஒன்று. 1876-இல் ரஷ்ய மிருக வைத்தியர் நோவின்ஸ்கி கட்டியின் ஒரு துண்டை வேறு நாயின் உடம்பில் வைத்து வளரச் செய்து காட்டினார். இது கிருமியால் வருவதல்ல. புற்றின் உயிரணுவே ஒரு நாயிலிருந்து அடுத்த நாய்க்குத் தாவுகிறது என்பது 2006-இல் மரபணுச் சோதனையில் உறுதியாயிற்று. எல்லாக் கட்டிகளும் எப்போதோ வாழ்ந்த ஒரே ஒரு நாயின் உயிரணுக்களின் சந்ததி. அந்த நாய் நாலாயிரத்திலிருந்து எட்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஆசியாவில் வாழ்ந்தது என்று 2019-இல் வெளியான ஆராய்ச்சி கணக்கிட்டது.

இத்தனை கிழட்டுப் புற்று, ஒரு செடியின் சாரத்துக்கு அடங்கிப் போகிறது. செடி வேறொன்றுமில்லை, தமிழ்நாட்டில் வீட்டு வாசலிலும் சுடுகாட்டு மேட்டிலும் தண்ணீர் கேட்காமல் பூக்கிற நித்தியகல்யாணி. வங்காளிகள் நயன்தாரா என்பார்கள். அதிலிருந்து எடுக்கும் வின்கிரிஸ்டின் என்ற மருந்து 1963-லிருந்து குழந்தைகளின் ரத்தப் புற்றுக்கு வழங்கி வருகிறது. இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளின் வறண்ட காடுகளில் இந்தச் செடியைப் பயிராகவே வளர்த்து வேரும் இலையும் ஏற்றுமதி செய்திருக்கிறார்கள். வாரம் ஒரு ஊசி. பெரும்பாலான நாய்களுக்கு நாலிலிருந்து ஆறு ஊசியில் கட்டி கரைந்துவிடுகிறது. ஒவ்வொரு தடவையும் ரத்தத்தில் வெள்ளணுக் கணக்குப் பார்த்த பிறகே ஊசி போட வேண்டும். மருந்து நரம்புக்கு வெளியே கசிந்தால் தசை அழுகிவிடும். செடிதானே என்று இலையை அரைத்துப் பூசவோ புகட்டவோ கிளம்பிவிடக் கூடாது. இலை விஷம்.

முகத்தைப் பார்த்து எல்லோரும் கைவிடுகிற நாய்க்குக் குணமாகும் வாய்ப்பு அதிகம். சின்னப் பொத்தான் கட்டியோடு சோபாவில் படுத்திருக்கும் நாய்க்குக் குறைவாக இருக்கலாம். கண்ணால் போடும் கணக்கு இப்படித்தான் தலைகீழாகிறது.

எங்கே போவது

பெல்காச்சியாவில் உள்ள மிருக வைத்தியக் கல்லூரி பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் தொடங்கியது. 1995-லிருந்து அது மேற்கு வங்க மிருக, மீன்வள அறிவியல் பல்கலைக்கழகம். மாணவர்கள் பயிலும் ஆஸ்பத்திரி என்பதால் சுரண்டல் சோதனையும் ஊசிச் சோதனையும் அங்கே அன்றாட வேலை. கூட்டம் இருக்கும், ஒரு நாள் லீவு போட்டுவிட்டுப் போவதே உத்தமம். காளிகாட்டில் மெட்ரோ ஏறினால் நேரே பெல்காச்சியாவில் இறங்கலாம் என்றாலும், அது நாயில்லாமல் விசாரிக்கப் போகிறவர்களுக்குத்தான். நாயோடு போக டாக்சிதான். பக்கத்தில் நல்ல தனியார் டாக்டர் இருந்தாலும் சரியே, "சுரண்டிப் பார்க்கலாமா?" என்று கேட்கத் தயங்கக் கூடாது.

பாஷை ஒரு தடங்கலல்ல. அரிப்புக்குச் சுல்கானி, புள்ளிக்கு தாக், புண்ணுக்கு கா. சிறு கட்டிக்கு வங்காளியில் சொல்லும் சொல் தமிழ்க் காதுக்குக் 'குட்டி' என்றே கேட்கும். "உங்கள் நாய்க்கு முகத்தில் குட்டி" என்று கம்பவுண்டர் சொன்னால் திகைக்க வேண்டாம்.

டல்ஹவுசிக்குத் தினமும் போய் வருகிறவர்கள் ரைட்டர்ஸ் கட்டிடத்தருகே கூர்நுனித் தூண் ஒன்றைப் பார்த்திருப்பார்கள். பார்த்தும் கவனித்திருக்க மாட்டார்கள். ஓவியர் கோல்ஸ்வர்தி கிரான்ட்டின் ஞாபகார்த்தம் அது. நாட்டிலேயே முதலாவதான மிருகவதைத் தடுப்புச் சங்கத்தை 1861-இல் இந்த நகரத்தில் தொடங்கியவர். வண்டி மாடுகளுக்காகவும் குதிரைகளுக்காகவும் ஆரம்பித்த சங்கம். நூறு வருஷம் கழித்து வந்த 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம், வளர்த்த பிராணியைப் பட்டினி கிடக்கும்படி கைவிடுவதைக் குற்றமாக்கியது. முதல் குற்றத்துக்கு அது வைத்த அபராதம் பத்திலிருந்து ஐம்பது ரூபாய். பார்க் ஸ்ட்ரீட்டில் ஒரு முட்டை ரோலுக்கே இன்று அதற்கு மேல் ஆகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலிஃப் தெருச் சந்தையில் குட்டி வாங்கப் போகிறவர்களுக்கும் ஒரு சொல். 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. கண்ணோரமும் காதோரமும் ஊதிப் பார்த்து, தாயையும் காட்டச் சொல்லிக் கேட்டு வாங்குவது நல்லது. மடிப்பு மடிப்பான முகமுள்ள பக் ஜாதி, ஒரு செல்போன் விளம்பரத்துக்குப் பிறகு 2003-லிருந்து ஊரெங்கும் பரவியது. அதன் முக மடிப்புகளுக்குள் கொல்கத்தாவின் மழைக்கால ஈரம் தங்கிப் புண்ணாகிவிடும். தினமும் துணியால் துடைத்து உலர வைப்பதற்கு வீட்டில் ஒருவர் இருக்கிறாரா என்று யோசித்துவிட்டு வாங்கலாம்.

டாக்டரிடம் போவதற்குச் சில நாட்களுக்கு முன்பே களிம்பு, எண்ணெய், மஞ்சள் எல்லாவற்றையும் நிறுத்திவிட வேண்டும். பூசிய முகத்தில் எதுவும் தெரியாது. கட்டி என்றைக்குத் தெரிந்தது, அப்போது எவ்வளவு பெரிது என்று காலண்டரில் குறித்து, பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து வாரம் ஒரு போட்டோ எடுத்து வைத்திருந்தால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம். வீட்டில் யாருக்காவது அரிப்பு இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

தெரு நாயின் முகத்தைத் தொட நேர்ந்தால் கையுறை அவசியம். கீறலோ கடியோ பட்டால், உமிழ்நீர் புண்ணில் பட்டாலும்கூட, சோப்பும் ஓடும் தண்ணீருமாகக் கால் மணி நேரம் கழுவிவிட்டு, அன்றே வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்குப் போக வேண்டும்; பெலியாகாட்டா தொற்றுநோய் ஆஸ்பத்திரியைத் தெரியாத டாக்சிக்காரர் இருக்க மாட்டார். வீட்டு நாயேயானாலும் வலியில் கடிக்கும். பேண்டேஜ் துணியால் வாயை ஒரு சுற்றுக் கட்டி அழைத்துப் போவது வழக்கம். ஆனால் தட்டை மூக்கு நாய்க்கும், மூக்கில் ரத்தம் வருகிற நாய்க்கும் அப்படிக் கட்டிவிடக் கூடாது. அது வாயால்தான் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது.